பற்றவைப்பதற்கு முன் ஒரு போட்டோ!

கார்த்திகையில் நகையை அடகு வைத்து, டிராக்டருக்குப் புது டிரெய்லர் வாங்கினேன். மாசியில் கரும்பு ஏற்றிப் போகும்போது அடியில் ஏதோ முறிகிற சத்தம். குனிந்து பார்த்தால், கொக்கிக்குப் பின்னால் சேசிஸ் வெல்டிங் விட்டு, விரல் நீளத்துக்கு விரிசல்.

பட்டறைக்காரர் உடனே பற்றவைத்துத் தருவதாகச் சொன்னார். மகள்தான் தடுத்தாள். “அப்பா, இப்ப கை வெச்சா, உங்க வேலையாலதான் போச்சுன்னு கம்பெனியில சொல்லிடுவாங்க.” விரிசல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்தோம், சேசிஸ் நம்பரையும் எடுத்தோம்.

கம்பெனிக்குப் போன் செய்தால், “ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க” என்று முடித்துவிட்டார்கள். ஆலை எடைச்சீட்டுகள் கைவசம் இருந்தன. ஒன்றில்கூட அளவு தாண்டவில்லை. பில், போட்டோ, எடைச்சீட்டு நகல்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்தேன். மூன்றாவது வாரம் ஆள் வந்து பார்த்து, சேசிஸை மாற்றிக் கொடுத்தார்கள். அதுவரை கொடுத்த டிரெய்லர் வாடகை மட்டும் என் நஷ்டம்.

அப்படியும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. எடைச்சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். எனக்காகப் பேசியது அந்தத் துண்டுக் காகிதம்தான்.