பரப்பின் விலையும் கூரையின் விலையும்

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "பரப்பு என்ன விலை?" என்பதுதான். 16 பரப்பு கொண்டது ஓர் ஏக்கர். பேரம் காணிக்கே நடக்கும். பழுதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னால், "வீட்டுக்கு நாங்கள் காசு கேக்கேல்லையே" என்று பதில் வரும்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதியும் திறக்கப்பட்டதன் பின்னர் புலம்பெயர்ந்தோர் பலர் தம் வீடுகளைப் பார்க்கவும் விற்கவும் வந்தனர். மறு ஆண்டு என் மைத்துனர் வலிகாமத்தில் வீடொன்றுக்கு விலை பேசினார். உரிமையாளர் கனடாவிலிருந்து வந்திருந்தார். நாங்கள் தச்சர் ஒருவரை அழைத்துச் சென்றோம்.

சுவரில் ஷெல் துளைத்த ஓட்டை எவர் கண்ணுக்கும் தெரிந்தது. தச்சர் ஏணி வைத்து ஏறிக் கூரை மரங்களைத் தட்டிப் பார்த்தார். இரண்டு வளைகளைக் கறையான் உள்ளே அரித்திருந்தது.

"உறுதி முடியட்டும், கூரையை நானே திருத்தித் தாறன்" என்றார் உரிமையாளர். நல்ல மனிதர், சொன்னதைச் செய்திருக்கவும் கூடும். ஆனால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை ஒப்பந்தம் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் கைச்சாத்திடப்படாவிட்டால் செல்லாது. இலங்கையில் வழங்கும் ரோம-டச்சுச் சட்டம், மறைந்திருந்த குறைக்காகப் பின்னரும் விலைக்குறைப்புக் கோர இடமளிக்கிறது. ஆயினும் குறையை அறிந்துகொண்டே வாங்கியவருக்கு அந்த உரிமை இல்லை. தச்சர் ஏணியிலிருந்து இறங்கிய கணத்திலிருந்து நாங்கள் அறிந்தவர்கள். ஆகவே பேசவேண்டியதை உறுதி எழுதுமுன்பே பேசினோம்.

மரம், ஓடு, கூலி எனத் தச்சர் ஒரு தாளில் கணக்கெழுதினார். அந்தத் தொகை விலையில் கழிக்கப்பட்டு, குறைந்த விலையே உறுதியில் ஏறியது.

"ஷெல் ஓட்டைக்கு எவ்வளவு கழிக்கவேணும்?" என்று உரிமையாளரே கேட்டார். மைத்துனர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அது உங்களிட்டைக் கேக்கிற கணக்கில்லை, அண்ணை."

சட்டப்படி அதையும் பேரம் பேசியிருக்கலாம். பேசாததில் எனக்கு இன்றும் மனநிறைவு உண்டு. கறையானின் கணக்கு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலானது. அந்த ஓட்டையை உண்டாக்கியவர்கள் எவரும் பேரம் நடந்த அந்தத் திண்ணையில் இருக்கவில்லை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தபடி படத்தைப் பார்த்து ஊரில் வீடு வாங்கும் அன்பர்களே, அச்சவாரம் கொடுப்பதற்கு முன் ஒரு தச்சரைக் கூரையில் ஏற்றுங்கள்.