வீடு தேடி வந்த ஆமை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. நீதிமன்றக் கட்டளையோடு வந்து பண்ட பாத்திரங்களைப் பறிமுதல் செய்யும் அமீனாவுக்கு அஞ்சுவதில் பொருளுண்டு. வாயில்லாப் பிராணியாகிய ஆமைக்கு அஞ்சுவானேன்? பழமொழி சுட்டுவது அந்தப் பிராணியை அன்று. கல்லாமை, பொறாமை, முயலாமை என்னும் ஆமைகளையே என்று சொற்பொழிவாளர் சிலர் நயம்படக் கூறுவதுமுண்டு. இந்நாளிலோ இதற்கு நேர்மாறான நம்பிக்கையொன்று பரவியிருக்கிறது. ஆமையை வீட்டில் வைத்திருந்தால் செல்வம் பெருகுமாம்! அஞ்சுவோர் அதனைத் துரத்துகின்றனர்; ஆசைப்படுவோர் விலை கொடுத்து வாங்குகின்றனர். ஆனால் அந்த ஆமைக்குப் பசிக்குமே, அது எதை உண்ணும் என்று இவ்விரு சாராரும் எண்ணிப் பார்ப்பதுண்டா?

எங்கள் இல்லத்தில் இக்கேள்வி எழும் வாய்ப்பு எதிர்பாராமல் வந்தது. ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அருகில், சோளமும் பருத்தியும் பயிரிட்டு வாழும் குடும்பம் எங்களுடையது. எங்கள் இளைய மகள் புதுநன்மை வாங்கிய நாளன்று, அவளுடைய தாய்மாமன் நகரத்திலிருந்து வந்திருந்தார். துளையிட்ட அட்டைப் பெட்டி ஒன்றை அவள் கையில் கொடுத்து, “வீட்டில் வைத்துக்கொள் அம்மா, எல்லா நன்மையும் தேடி வரும்” என்றார். பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஓர் ஆமை! கருநிற ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கதிர்கள் விண்மீன் போல் விரிந்திருந்தன. நட்சத்திர ஆமை என்பது அதன் பெயர். மகள் அதற்கு முத்து என்று பெயரிட்டாள். பாட்டியார் மட்டும் பழமொழியைச் சொல்லிக்கொண்டே திண்ணையில் போய் அமர்ந்தார்.

மாலையில் விருந்தினர் விடைபெற்றுச் சென்றபின், ஆளுக்கோர் யோசனை கூறத் தொடங்கினர். பாலில் நனைத்த ரொட்டி கொடுக்கலாம் என்றார் ஒருவர். சோறும் பருப்பும் போதுமென்றார் மற்றொருவர். கிணற்றில் விட்டால் தண்ணீர் தூய்மையாகும் என்றார் அண்டை வீட்டுப் பெரியவர். கோட்டை அகழியில் விட்டுவிடலாம் என்றனர் தெருச் சிறுவர். எங்கள் மூத்த மகனோ, அமெரிக்கர் தம் வீடுகளில் வளர்க்கும் பெட்டி ஆமைக்கு எழுதப்பட்ட உணவுப் பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்துவிட்டான். இவற்றுள் எதனையும் செய்யுமுன் அறிந்தவர் ஒருவரைக் கேட்போம் என்று, எங்கள் ஆடுமாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

“முதலில் அதன் கால்களைப் பாருங்கள்” என்றார் அவர். பார்த்தோம். விரல்களுக்கிடையே சவ்வு இல்லை. யானையின் கால்களைப் போல் உருண்டு திரண்டிருந்தன. “அப்படியானால் அது தரையில் வாழும் ஆமை. நீந்தத் தெரியாது. கிணற்றிலோ அகழியிலோ விட்டால் மூழ்கிச் சாகும்” என்றார். நம் ஏரிகளிலும் வயல்களிலும் காணும் பால் ஆமை நீருக்குரியது. மீன், நத்தை, தவளை முதலியவற்றை உண்பது. நட்சத்திர ஆமையோ முட்புதர்க் காடுகளிலும் புல்வெளிகளிலும் வாழ்ந்து, புல்லும் இலையும் பூவும் உதிர்ந்த கனியும் மேய்வது. அமெரிக்கப் பெட்டி ஆமை இவ்விரண்டிலும் சேராதது. அதன் அடியோட்டில் கீல் போன்ற ஓர் அமைப்புண்டு. அபாயம் நேரும்போது பெட்டியை மூடுவது போல் ஓட்டை முழுவதும் மூடிக்கொள்ளும். மண்புழு, நத்தை, காளான், பழம் எல்லாவற்றையும் தின்னும். ஆமை என்று பெயர் ஒன்றாயிருப்பதால், ஒன்றன் உணவை மற்றொன்றுக்கு இடுவது பசுவுக்கு மீன் குழம்பு ஊற்றுவதற்கு ஒப்பாகும் என்று மருத்துவர் சிரித்தபடி கூறினார்.

அவர் சொன்னபடியே செய்தோம். அருகம்புல்லும், செம்பருத்தி இலையும் பூவும் பறித்து வந்து பொடியாக நறுக்கி வைத்தோம். பால், ரொட்டி, சோறு, இறைச்சி ஆகியவற்றை அறவே விலக்கினோம். அதிகப் புரதமும் வறண்ட சூழலும் வளரும் ஆமையின் ஓட்டைக் கூம்பு கூம்பாகக் கோணச் செய்துவிடுமாம். பசலைக் கீரையை அடிக்கடி கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராமல் தடைப்படுமாம். தாழ்வான தட்டில், அதன் மோவாய்க்கு மேலே ஏறாத அளவுக்குத் தண்ணீர் வைத்தோம். காலை இளவெயிலில் முற்றத்தில் விட்டு, ஒரு பக்கம் நிழலும் அமைத்துக் கொடுத்தோம். நேரான வெயில் படாவிடில் எலும்பும் ஓடும் மெலிந்து போகும்; சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. ஓடு என்பது ஆமை சுமந்து திரியும் வீடு என்று பாடத்தில் படித்திருக்கிறோம். உண்மையில் அது முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து உருவானது. தொட்டால் ஆமைக்குத் தெரியும். அதில் துளையிட்டுக் கயிறு கட்டுவது எத்துணைக் கொடுமை!

குழந்தைகளுக்கும் ஒரு விதி வகுத்தோம். ஆமையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். அதன் தட்டைச் சமையலறையில் கழுவலாகாது. நோயின் அறிகுறி எதுவுமில்லாத ஆமையின் உடலிலும் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். இது சிறு குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். இதன் பொருட்டே அமெரிக்க அரசு 1975-ஆம் ஆண்டில், நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பதற்குத் தடை விதித்தது.

மறுநாள் காலை முத்து தலையை நீட்டிச் செம்பருத்திப் பூவை மெல்லத் தொடங்கியது. பாட்டியாரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்! ஆனால் மருத்துவர் கூறியவற்றுள் எங்களை உறங்க விடாத செய்தியும் ஒன்றிருந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த ஆமையை வீட்டில் வளர்க்கக் கூடாது. விற்பதும் வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எவ்வழியிலேனும் ஒருவர் கைக்கு அது வந்து சேருமாயின், 48 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திற்கோ வனத்துறைக்கோ தெரிவித்தாக வேண்டும்.

செய்தி கேட்ட மகள் அழுதாள். “மாமா அன்போடு கொடுத்ததை எப்படியப்பா திருப்பிக் கொடுப்பது?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். தாய்மாமன் கையால் வந்த பரிசை வேண்டாமென்பது நம் குடும்பங்களில் சிறு காரியமன்று. மாமாவிடம் தொலைபேசியில் விவரத்தைச் சொன்னோம். “நான் கொடுத்ததை அதிகாரிகளிடம் கொண்டுபோய் ஒப்படைக்கப் போகிறீர்களா?” என்று மனம் நொந்து பேச்சை முடித்துக்கொண்டார். மகளை அருகில் அமர்த்திக்கொண்டு நாங்கள் கூறியது இதுவே: “மாமாவின் அன்பு உனக்குரியது, அதை யாரும் உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் முத்து, காட்டிலிருந்து யாரோ திருடி வந்த உயிர். அது மாமா கொடுப்பதற்கும் உரியதன்று, நாம் வைத்துக்கொள்வதற்கும் உரியதன்று.”

இரண்டாம் நாள் பிற்பகல் பெரம்பலூர் வனத்துறை அலுவலகத்திற்குச் சென்றோம். பெட்டிக்குள் புல்லும் நான்கு செம்பருத்திப் பூக்களும் மகளே வைத்தாள். காட்டில் விடுமுன் நோயுண்டா என்று சோதிக்க வேண்டும் என்றும், பிறந்த பகுதி அறியாமல் கண்ட இடத்தில் விட்டால் அங்குள்ள ஆமைகளுக்கும் நோய் பரவக்கூடும் என்றும் அங்கே விளக்கினர். அமெரிக்கப் பெட்டி ஆமையைப் பற்றி மூத்த மகன் படித்திருந்த செய்தியொன்று அப்போது எங்கள் நினைவுக்கு வந்தது. அது தன் வாழ்நாளை ஒரு சிறு பரப்புக்குள்ளேயே கழிப்பது; வேற்றிடத்தில் கொண்டு விட்டால் பழைய இடத்தைத் தேடி அலைவது. பிறந்த மண்ணைத் தேடும் தவிப்பு மனிதனுக்கு மட்டும் உரியதன்று போலும்.

ஓர் ஆமைக்கு இத்துணை ஆரவாரமா என்று எங்களைக் கேட்டோர் உண்டு. ஓர் ஆமையன்று. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்திற்காக மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. துணியிலும் பெட்டியிலும் பொதிந்து கடத்தப்படும் இவை சென்னை விமான நிலையத்திலும் பன்முறை பிடிபட்டுள்ளன. 2019-ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடி, இவ்வாமையின் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்யும் பட்டியலில் இதனைச் சேர்த்தன. ஆறுதலான செய்தியும் உண்டு. 2018 நவம்பரில், சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் விமானம் ஏறிக் கர்நாடகத்திற்குத் திரும்பி வந்தன.

நம் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்த்தவர்கள், அது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடையது என்று கேட்டு வியந்திருப்பர். ஆமையினம் அதனினும் பழையது. 20 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இவ்வுலகில் வாழ்ந்து வருவது. அதற்கு நம் வீட்டைக் கெடுக்கவும் தெரியாது, செழிக்கச் செய்யவும் தெரியாது. புல் மேயவும், வெயில் காயவும், மழை வந்தால் உலாவவும் மட்டுமே தெரியும்.

மாமாவின் மனத்தாங்கல் இன்னும் முற்றும் ஆறவில்லை. திருநாளுக்கு வந்தார், உண்டார், ஆமையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. காலம் ஆற்றும் என்று காத்திருக்கிறோம். பெற்றோராகிய உங்களுக்கு நாங்கள் சொல்ல விழைவது ஒன்றே. உங்கள் குழந்தை ஒரு சிற்றுயிரைக் கையிலேந்தி வந்தால், இராசியா இராசியில்லையா என்று தயங்க வேண்டாம். இது எங்கே வாழ்வது, எதை உண்பது, யாருடையது என்று குழந்தையோடு சேர்ந்து கேளுங்கள். இம்மூன்றுக்கும் விடை கண்டபின், வைத்துக்கொள்வதா ஒப்படைப்பதா என்பது தானே விளங்கும். எங்கள் மகள் இப்போது வேலியோரத்துச் செம்பருத்திக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிறாள். ஏனென்று நாங்கள் கேட்பதில்லை.