நண்டு வளை

இங்கிலீஷ் பாஷையில் இன்றைக்கும் எனக்குப் பயம் தருவன பெரிய வார்த்தைகள் அல்ல. பெரிய வார்த்தை யானை மாதிரி எதிரே வந்து நிற்கும். அகராதியைப் புரட்டி மடக்கிவிடலாம். சின்ன வார்த்தைகள்தான் ஆபத்து. 'ஃபால்' என்றால் விழு. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் அதன் பின்னால் ஒரு வாலை ஒட்டிவிட்டால்? 'ஃபால் அவுட்' என்றால் மனஸ்தாபப்பட்டுப் பிரிவது. 'ஃபால் ஃபார்' என்றால் மயங்கிப் போவது. 'ஃபால் பேக் ஆன்' என்றால் வேறு கதியில்லாதபோது கையிருப்பை நம்புவது. 'ஃபால் ஷார்ட்' என்றால் போதாமல் போவது. இவற்றில் யாரும் எங்கேயும் விழவில்லை. 'ஃபால் த்ரூ' என்று இன்னொன்று இருக்கிறது. அதில் நான் விழுந்தேன். நான் மட்டும் விழுந்திருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை.

எங்கள் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு நெல்லுக்கு அடுத்தபடி இங்கிலீஷில்தான் கர்வம். வலங்கைமானில் 1869-ல் பிறந்து கும்பகோணத்தில் படித்த சீனிவாச சாஸ்திரியார், வெள்ளைக்காரர்களே மெச்சும்படி அந்தப் பாஷையைப் பேசினவர். காந்தியின் சுயசரிதையின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புக்கு, தம் பெயரை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையோடு நடையைத் திருத்திக் கொடுத்தவர் அவர்தான். கும்பகோணம் காலேஜைத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று சொல்லிக்கொள்வோம். அதே காலேஜில்தான் ராமானுஜன் கணக்கில் மூழ்கி, இங்கிலீஷில் தேறாமல், உபகாரச் சம்பளத்தை இழந்தார். மேதைக்கே அந்தக் கதி. ஆனால் 1957-ல் நான்காம் பாரம் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பயம் என்பதே கிடையாது. குடமுருட்டிக் கரையில் இருந்த எங்கள் தெருவில், பெரியவர்கள் ஊரில் இல்லாத பகல் வேளைகளில் கடிதாசு வாசித்துச் சொல்கிற உத்தியோகம் எனக்கு.

மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து நெல் பத்தாயத்துக்கு ஏறியிருந்தது. கையில் நெல் இருந்தால்தான் வாயில் கல்யாணப் பேச்சு வரும். சின்ன அத்தைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த நாளில் அது வீட்டுப் பெரியவர்கள் ராத்திரி தூங்காத வயது. திருச்சியில் ஒரு வரன் ஏறக்குறையக் கூடி வந்திருந்தது. மிச்சத்தைப் பேசி முடிக்கப் பெரியப்பா ரயிலேறிப் போயிருந்தார்.

மத்தியானம் தந்திக்காரன் சைக்கிள் வாசலில் நின்றது. பாட்டி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ரேழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தந்தி என்றால் சாவு என்று இருந்த காலம். இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாத எங்கள் பாட்டிக்கு 'எக்ஸ்பயர்ட்', 'சீரியஸ்' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் நன்றாகத் தெரியும். நான் பிரித்தேன். அந்த இரண்டும் அதில் இல்லை. 'அலையன்ஸ் ஃபெல் த்ரூ. ரிட்டர்னிங் டுமாரோ.' அவ்வளவுதான். வார்த்தைக்கு வார்த்தை காசு. ஆகையால் பெரியப்பா சிக்கனமாக எழுதியிருந்தார்.

என் புத்தி எப்படி வேலை செய்தது என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அலையன்ஸ் என்றால் சம்பந்தம். ஃபெல் என்றால் விழுந்தது. விழுவது நமக்கு என்ன கெட்ட காரியமா? சீட்டு விழுந்தால் லாபம். ஓட்டு விழுந்தால் ஜயம். கழுத்தில் தாலி விழுவதும், மூன்று முடிச்சு விழுவதும் விழுவதுதானே? அப்புறம் 'த்ரூ'. தாலுக்கா ஆபீஸில் ஒரு காரியம் நல்லபடியாக முடிந்தால் பெரியப்பாவே அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு, "த்ரூ ஆயிடுத்து" என்பார். இரண்டையும் கூட்டினேன்.

"முடிஞ்சுடுத்து பாட்டி! அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுத்து!" என்று கத்தினேன்.

யாரோ செத்துப்போனார்கள் என்று அழத் தயாராக இருந்த வீடு, ஒரு நொடியில் கல்யாண வீடாகிவிட்டது. பாட்டி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். கொல்லையில் வேலையாக இருந்த அத்தை, ஈரக்கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டு நிலைப்படி வரை வந்து நின்றாள்.

"இன்னொரு தரம் வாசிடா" என்றாள்.

வாசித்தேன். அவள் உதடு என்னோடு கூடவே சத்தமில்லாமல் அசைந்தது.

சாயங்காலம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைந்தது. அண்டை வீடுகளுக்குச் சர்க்கரை போயிற்று. அம்மா செம்மண் கரைத்து, மறுநாள் காலையில் வாசல் அடைக்கக் கோலம் போட்டாள். அத்தை அன்று ஆற்றுக்கு மூன்று தரம் தண்ணீருக்குப் போனாள். வீட்டில் குடங்கள் எல்லாம் நிறைந்தே இருந்தன.

பெரியப்பா வந்தபோது வெயில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றப் போனவர் செம்மண் கோலத்தைப் பார்த்தார். அப்படியே தெருவில் நின்றார்.

"என்ன விசேஷம்?"

பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரிப்பு நடுவிலேயே நின்றுபோயிற்று. பிள்ளை வீட்டார் கடைசி நிமிஷத்தில் இன்னும் ஆயிரம் ரூபாய் கேட்டார்களாம். பத்தாயத்தில் இருந்த நெல் முழுவதையும் விற்றாலும் அது பெயராது.

"தந்தியை வாசிச்சது யாரு?" என்றார்.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். உள்ளேயிருந்து அத்தையின் குரல் மட்டும் வந்தது: "குழந்தையை ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

சற்றுக் கழித்து ஒரு குடம் தண்ணீரை எடுத்து வந்து வாசலில் கொட்டி, துடைப்பத்தால் அவளே செம்மண்ணைக் கழுவிவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாரிடம் போய் அர்த்தம் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"ஓட்டைப் பையிலே காசு போட்டா என்ன ஆகும்? பை வழியா விழுந்து போயிடும். கைக்கு வரும்னு நினைச்ச காரியம் அப்படி நழுவிட்டா அதுதான் ஃபால் த்ரூ" என்றார். பிறகு, "வினையைப் பார்க்காதே. வாலைப் பாரு. நம்ம பாஷையிலே மட்டும் என்ன வாழ்ந்தது? தட்டு மாத்தியாச்சுன்னா கல்யாணம். தட்டிப் போச்சுன்னா? ரெண்டும் தட்டுதான்" என்றார்.

பெரிய உண்மை அது. 'முடிந்தது' என்பதற்கும் 'முடிந்து போயிற்று' என்பதற்கும் எத்தனை தூரம்! அவர்கள் வாலுக்கு 'அவுட்', 'த்ரூ' என்று துண்டு வார்த்தைகளை வைத்திருக்கிறார்கள். நாம் போ, விடு, தொலை, கிட என்று முழு வினைகளையே வாலாக வைத்திருக்கிறோம். பிறந்த பாஷையின் வால் தானாகக் கைக்கு வரும். வந்த பாஷையின் வாலைக் கற்றுக்கொள்ள, யாராவது ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அத்தை கொடுத்தாள்.

அன்று மாலை வாத்தியார் சொன்னதை அவளிடம் போய் ஒப்பித்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ நண்டு வளைன்னு சொல்லு" என்றாள்.

காவிரிப் பக்கத்தாருக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாயங்காலம் வயலில் தண்ணீர் கட்டிவிட்டு வருவோம். ராத்திரி வரப்பில் நண்டு வளை தோண்டியிருக்கும். உடைப்பு இல்லை, சத்தம் இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் வரப்பும் நிற்கும், பயிரும் நிற்கும். தண்ணீர் மட்டும் இராது. எந்த அகராதியிலும் இதைவிடச் சரியான அர்த்தத்தை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு 'ஃபெல்த்ரூ' எங்கள் வீட்டில் தமிழ் வார்த்தையாகிவிட்டது. அதை ஆரம்பித்து வைத்ததும் அத்தைதான். பால் திரிந்தால் ஃபெல்த்ரூ. எனக்கு முதல் வேலை கிடைக்காமல் போனபோது, "ஃபெல்த்ரூவா? போறது, அடுத்ததைப் பாரு" என்று எழுதியிருந்தாள். இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு வேறு வரன் அமைந்து மன்னார்குடிக்குப் போனாள். அங்கேயும் அந்த வார்த்தை அவளோடு போயிற்று. 1924-ம் வருஷத்துக் காவிரி ஒப்பந்தத்தின் ஐம்பது வருஷக் கெடு 1974-ல் தீர்ந்து, இரண்டு ராஜ்யங்களும் பேசிப் பேசி ஒன்றும் கூடாமல், 1990-ல் நடுவர் மன்றம் வைத்தார்கள். அதற்கு முந்திய ஒவ்வொரு பேச்சு வார்த்தையின் செய்திக்கும் அத்தை ஒரே தலைப்புத்தான் வைத்திருந்தாள்.

2012-ல் நான் மன்னார்குடிக்குப் போயிருந்தேன். ஜூன் 12 வந்து போய்விட்டது, மேட்டூர் திறக்கவில்லை. அத்தை திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குறுவை ஃபெல்த்ரூடா" என்றாள்.

ஐம்பத்தைந்து வருஷமாகக் கேட்காததை அப்போது கேட்டேன். "அத்தை, அன்னிக்கு நான் தப்பா வாசிச்சதிலே கோபமே இல்லையா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தப்பாத்தான் வாசிச்சே. அதுக்கு முன்னாலே ரெண்டு வருஷமா அம்மா எனக்கு முகம் கொடுத்துப் பேசினதில்லை. அன்னிக்கு ராத்திரி கூப்பிட்டு உட்கார வெச்சு எண்ணெய் தடவித் தலை பின்னி விட்டா. மறுநாள் அவிழ்க்கறப்போதான் கஷ்டமா இருந்தது" என்றாள்.

அவள் என்னைக் குறை சொன்னாளா, நன்றி சொன்னாளா என்று எனக்கு விளங்கவில்லை. மேலே கேட்கவும் வாய் வரவில்லை.

அடுத்த வருஷம் ஜூலையில் தேசத்தில் தந்தியையே நிறுத்திவிட்டார்கள். இனி எந்தப் பையனும் அந்தத் தப்பைச் செய்ய வழியில்லை. நான் மட்டும், சின்ன வார்த்தை என்று எதையும் அகராதி பார்க்காமல் விடுவதில்லை.