சித்திரையில் சுமப்பவள்

ஏப்ரல் 18, 2025, வெள்ளி

மூத்தவளுக்கு நேற்றோடு பரீட்சை முடிந்தது. வெயிலை முன்னிட்டு ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வருஷம் முன்கூட்டியே தேர்வு வைத்து, ஏப்ரல் 17-இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளி திறப்பது ஜூன் 2. நடுவில் 45 நாட்கள். அவளுக்கு ஏழு வயது, தம்பிக்கு மூன்றரை. வயிற்றில் இருப்பதற்கு ஆறு மாதம் முடியப்போகிறது.

எழுந்ததும் சின்னவன் கேட்டது, "அக்கா இன்னிக்கு முழுக்க இருப்பாளா?" இருப்பாள் என்றதும் கட்டிலிலிருந்து குதித்து ஓடினான். அவனுக்கு இனி பகல் முழுக்க அக்கா உண்டு.

மதுரை செல்லூரில் மாடி வீடு எங்களுக்கு. பகலெல்லாம் மொட்டை மாடி குடித்த சூடு ராத்திரி அறைக்குள் இறங்கும். ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் மேலே போய் இருபது வாளி தண்ணீர் ஊற்றுகிறார். தளம் சுர்ரென்று சத்தம் போட்டு உறிஞ்சிக்கொள்கிறது. பிள்ளைகள் இருவரும் அந்த ஆவியில் நின்றுகொண்டு, கீழே வர மறுக்கிறார்கள்.

ஏப்ரல் 23, புதன்

சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். 140-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. எனக்கு 118.

அந்த இரண்டு மணி நேரத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். "மூணாவதா?" ஆமாம் என்றேன். "ரெண்டும் பொம்பளப் பிள்ளையா?" இல்லை, ஒன்று பெண், ஒன்று பையன். "அப்புறம் என்னத்துக்கும்மா?" கேட்ட அம்மாளுக்கு என் மாமியார் வயது. கோபம் வரவில்லை, பதிலும் வரவில்லை.

இங்கே எழுதி வைக்கிறேன். இந்தப் பிள்ளையை நாங்கள் வேண்டித்தான் பெறுகிறோம். நான் மூன்று பேரில் நடுவில் பிறந்தவள். அண்ணன் தோளிலும் தங்கையின் சண்டையிலும் வளர்ந்தவள். என் வீட்டிலும் அப்படியொரு சத்தம் வேண்டும் என்று எனக்கு ஆசை, அவருக்கும் ஆசை. தாங்குகிற வருமானம் இருக்கிறதா என்று ஒரு வருஷம் கணக்குப் பார்த்தோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சுவர்களில் சிவப்பு முக்கோணத்தோடு ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று எழுதியிருக்கும். அதைப் பழிக்க மாட்டேன். எட்டுப் பெற்று நான்கைப் பறிகொடுத்த எங்கள் அப்பத்தாவுக்கு அப்படியொரு வழி கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பிள்ளை போதும் என்று சொல்ல அவளுக்கு இருந்திருக்க வேண்டிய உரிமைதான், இன்னொன்று வேண்டும் என்று சொல்கிற என்னிடமும் இருக்கிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

கீழ்வீட்டுப் பையனுக்கு அம்மை வார்த்திருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் மாடியில் மூன்று பிள்ளைகளும் ஒரே தட்டில் தர்ப்பூசணி தின்றார்கள். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அம்மை தொற்றத் தொடங்கிவிடுமாம். கர்ப்பிணிக்கு வந்தால் காய்ச்சல் நுரையீரல் வரை இறங்கலாம்.

என் பிள்ளைகளுக்கு அம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறோம். எனக்கு? உசிலம்பட்டியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "உனக்கு ஆறு வயசுல வந்துச்சேடி. வேப்பிலையில படுக்கப் போட்டு, மூணு தண்ணி ஊத்துனோம். உன் நெத்தியில தழும்பு இருக்குல்ல, பாரு." கண்ணாடியில் பார்த்தேன். புருவத்துக்கு மேலே மிளகளவு பள்ளம். முப்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக அதைத் தொட்டு நிம்மதியடைந்தேன். ஒருமுறை வந்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் ஆயுசுக்கும் நிற்கும் என்றார் டாக்டர். உறுதி செய்துகொள்ள ரத்தம் எடுத்தார்கள். இருந்தது.

அத்தை எதுவும் பேசாமல் மாரியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தார்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று பிறந்தது. 28 வரைக்கும்.

அத்தை விடியற்காலை நான்கு மணிக்கே கூழ் காய்ச்சி, மொட்டை மாடியில் வேட்டியை விரித்து வத்தல் ஊற்றிவிட்டார். பச்சை மிளகாயும் சீரகமும் மணத்தது. காக்காய் விரட்டுகிற வேலை பிள்ளைகளுக்கு. கருப்புக் குடை ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதன் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்து, பாதி காய்ந்த வத்தலைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு மேல் நான் அவர்களை வெளியே விடுவதில்லை.

பிரசவத் தேதி ஜூலை 28 என்று குறித்திருக்கிறார்கள், ஆடி மாதம். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது எதற்கென்று அத்தை சொன்னார். ஆடியில் கரு நின்றால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், தாயும் பிள்ளையும் வெயில் தாங்க மாட்டார்கள் என்பதால். நல்ல யோசனைதான். ஆனால் ஆடியிலோ ஆவணியிலோ பெறுபவள் சித்திரை முழுக்க ஏழு மாத வயிற்றோடு அடுப்படியில் நிற்பாளே, அவளுக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள்? அத்தையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "ஒண்ணும் செய்யல. நான் உம் புருஷன வயித்துல வச்சுக்கிட்டுத்தான் கதிரறுத்தேன்" என்றார். இன்று மதியச் சமையலுக்கு என்னை அடுப்படிக்குள் விடவில்லை.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். அவர் இறங்குகிற ஆழ்வார்புரம் எங்களுக்கு நடக்கிற தூரம்தான். எனக்கு நினைவு தெரிந்து அழகர் இறங்குவதை நேரில் பார்க்காத வருஷம், பிரசவமும் கொரோனாவும் போக, இது ஒன்றுதான். 2022-இல் அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். இந்த வயிற்றோடு போகிற இடமில்லை.

மூத்தவள் சர்க்கரைச் சொம்பு எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனாள். சொம்பு நிறைய நாட்டுச் சர்க்கரை, வாயை மூடி வாழையிலை, மேலே சூடம். நானும் சின்னவனும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அழகர் பச்சைப் பட்டு கட்டியிருந்தார். "செழிக்கும்" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்துவிட்டு, சின்னவன் பாட்டில் தண்ணீரை என் வயிற்றின் மேல் ஊற்றினான். "உள்ள பாப்பாவுக்கும் சூடா இருக்கும்ல?" உடனே உள்ளே ஒரு உதை. அவன் கையை வைத்துக் காட்டினேன். அவன் கையை எடுக்கவே இல்லை.

வரும்போது அவர்கள் இரண்டு நீர்மோர்ப் பந்தலில் குடித்துவிட்டு, எனக்கும் ஒரு பாட்டிலில் பானகம் வாங்கி வந்தார்கள். சித்திரைத் திருவிழாவில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பந்தல்கள்தான். யார் என்ன என்று கேட்காமல் ஊற்றுகிறார்கள்.

மே 15, வியாழன்

ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு இறுகியது. கல் போல ஆகி, ஒரு நிமிஷத்தில் தளர்ந்தது. மறுபடி இறுகியது. அத்தை தொட்டுப் பார்த்து, "சூட்டு வலிம்மா" என்று சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை இறுகியதும் ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னேன்.

பரிசோதித்தார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பு சீராக இருந்தது, கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை. சிறுநீர் அடர்மஞ்சளாக இருப்பதைப் பார்த்துவிட்டு, முந்தைய நாள் எவ்வளவு தண்ணீர் குடித்தேன் என்று டாக்டர் கேட்டார். யோசித்தேன். நான் வேலை பார்க்கிற கடையில் மாதக் கணக்கு. கழிப்பறை இரண்டு மாடி கீழே. ஏறி இறங்க முடியாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தேன். உடம்பில் நீர் வற்றினால் கர்ப்பப்பை இப்படி இறுகும் என்றார். இரண்டு பாட்டில் சலைன் ஏறியதும் இறுக்கம் நின்றது.

ஆக, சூட்டு வலி என்று அத்தை சொன்னது சரி. ஆஸ்பத்திரிக்குப் போனதும் சரி. இதைப் படிக்கிற யாருக்காவது உதவும் என்று டாக்டர் சொன்னதைக் குறிக்கிறேன். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, தண்ணீர் குடித்து, வலி அடங்கினால் பயமில்லை. அடங்காமல் ஒரே சீராக வந்தாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ வீட்டு வைத்தியத்தில் ஒரு நிமிஷமும் கழிக்கக் கூடாது.

காலையில் திரும்பியபோது மூத்தவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கிளம்பிய சத்தத்தில் விழித்தவள் தூங்கவே இல்லையாம். என்ன ஆச்சு என்றாள். தண்ணி குடிக்காம இருந்துட்டேன் என்றேன். இனி ஒவ்வொரு சொம்பும் அவள் கையால்தான். அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுகிறாள். நாளுக்குப் பத்துக் கோடு. கடைக்குப் போகிற நாளில் இரண்டு லிட்டர் பாட்டிலைத் தருவாளாம், சாயங்காலம் அது காலியாக வர வேண்டும்.

மே 20, செவ்வாய்

கீழ்வீட்டுப் பையனோடு பிள்ளைகள் விளையாடி 21 நாளுக்கு மேல் ஆகிவிட்டது. யாருக்கும் அம்மை இல்லை.

எதிர் மனையில் வீடு கட்டுகிறார்கள். இன்று கான்கிரீட். பதினொரு மணி வெயிலில் சட்டி சுமந்தவர்களில் ஒருத்தி நடக்கிற நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூத்தவளிடம் மோர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டுக் கூடவே இறங்கிப் போனேன்.

"எத்தனை மாசம்மா?"

"ஆறு முடியப்போகுதுக்கா." சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். திருச்சுழிப் பக்கமாம். இது ரெண்டாவது. மூத்தது மூன்று வயசு, மணல் குவியலுக்குப் பின்னால் சாக்கை விரித்துப் படுத்திருந்தது. ஊரில் நர்சம்மாவிடம் கர்ப்பத்தைப் பதிந்து, அதற்கான பிக்மி எண் வாங்கியிருக்கிறாள். வேலை ஊர் ஊராக இழுப்பதால் மூன்று மாதமாக யாரிடமும் காட்டவில்லை. இரும்புச் சத்து மாத்திரை தீர்ந்துபோய் எவ்வளவோ நாளாயிற்று. அதே எண்ணை வைத்து இங்குள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம் என்று அவளுக்குத் தெரியாது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி ரூ.18,000 முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு, எனக்குக் கிடையாது, அவளுக்குக் கிடைக்கும். அது தவணையாக வருவது, பரிசோதனைகளை விட்டுவிட்டால் சிக்கலாகும்.

"மதியம் ரெண்டு மணி நேரமாச்சும் நிழல்ல உட்காரலாம்ல?"

"உக்காந்தா அரை ஆள் சம்பளம்க்கா."

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கரு கலைகிற ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் நிற்கிற பெண்களின் கதை அது. படித்தபோது அது எனக்கு ஒரு செய்தி. இன்று அதற்கு ஒரு முகம் இருக்கிறது, புருவத்தில் சிமெண்டுத் தூசியோடு.

அவர் சாயங்காலம் கொத்தனாரிடம் பேசினார். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அவளுக்கு நிழலில் சல்லடை பிடிக்கிற வேலை, சம்பளத்தில் கை வைக்காமல். கொத்தனார் நல்ல மனுஷர், கேட்டதும் ஒப்புக்கொண்டார். இதை ஒருவர் கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அவளுடைய மூத்த பெண் இனி பகலில் எங்கள் வீட்டில் இருக்கும். சின்னவன் அவளுக்குத் தன் வண்டியைக் கொடுத்திருக்கிறான்.

மே 24, சனி

நேற்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள் இருப்பதைக் காட்டி, மறுமணத்துக்குப் பிறகான பிரசவத்துக்கு விடுப்பை மறுத்திருந்தார்கள். அது செல்லாது, மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்கிறது தீர்ப்பு.

பத்து வருஷமாக நான் கணக்கு எழுதுகிற ஜவுளிக்கடையில் விடுப்புக் கேட்டபோது, "மூணாவதுக்குமா?" என்றார்கள். கொடுக்க மாட்டோம் என்று சொல்லவில்லை. மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்தின்படி இரண்டு பிள்ளைகள் வரை 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம். அதிலும் பிரசவத்துக்கு முன் ஆறு வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. அந்த ஆறையும் எடுத்தால் பிள்ளைக்கு ஒன்றரை மாதம் ஆகும்போது நான் கடையில் இருக்க வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. மூன்றாவது பிள்ளைக்கு அது பொருந்தாதா? தாயின் தையல் சீக்கிரம் ஆறிவிடுமா? சட்டத்தை மாற்ற வேண்டும். பிறந்த வரிசையைப் பார்த்துப் பாலை அளக்கக் கூடாது.

ஜூன் 2, திங்கள்

மூத்தவள் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது சாக்பீஸைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவனுக்கு எண்ணத் தெரியாது, ஒரு சொம்புக்கு நான்கு கோடு போடுகிறான்.

எதிர் மனையில் தளம் போட்டு முடித்து ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போன வாரம் அவள் சுகாதார நிலையத்தில் காட்டி மாத்திரை வாங்கியதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். எந்த ஊர் என்று அவளுக்கே தெரியவில்லை.

அக்னி முடிந்தும் மதுரையில் வெயில் தணியவில்லை. உங்கள் தெருவில் வீடு கட்டுகிற இடத்திலோ, காய்கறி வண்டியின் பின்னாலோ, பேருந்து நிறுத்தத்திலோ ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி நின்றால் ஒரு சொம்பு மோர் கொடுங்கள், நிழலில் உட்காரச் சொல்லுங்கள். எத்தனையாவது என்று கேட்க வேண்டாம்.