பட்டனை அமுக்கி மூணு எண்ணு

கோட்டாறு கம்போளத்தில் காலை நேரத்தில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் மொத்த வியாபாரக் கடைகள். நடுவில் சைக்கிள், ஆட்டோ, தலையில் மூட்டையோடு சுமட்டுத் தொழிலாளர்கள், யாரையும் சட்டை செய்யாத ஒரு மாடு. கிளீனர் பின்னால் நின்றுகொண்டு 'வரட்டும்... வரட்டும்... ஹோல்டான்!' என்று பாடியில் ஓங்கித் தட்டுவார். டிரைவர் கியர் கம்பியைப் பிடித்து இழுக்கும்போது 'கர்ரக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், தெருவுக்கே அது ஒரு தகவல். மூட்டை சுமப்பவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்கிக்கொள்வார்.

அந்தச் சத்தம் இல்லாத லாரிகள் இப்போது வர ஆரம்பித்துவிட்டன. கிளட்ச் பெடல் கிடையாது. கம்பிக்குப் பதில் ஒரு திருகு அல்லது நாலு பட்டன். முன்னால் போக ஒன்று, பின்னால் போக ஒன்று. மிச்சத்தை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். டிரைவரின் இடது காலுக்கும் இடது கைக்கும் ஓய்வு. நல்லதுதானே என்கிறீர்களா? நல்லதுதான். நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் ஒன்று. பட்டனை அமுக்குகிறீர்கள், வண்டி அசையவில்லை என்று வையுங்கள். ஒரு நொடி ஆகிறது. இரண்டு நொடி ஆகிறது. பின்னால் நிற்கிறவன் ஹாரனை அலற விடுகிறான். நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆக்ஸிலேட்டரை மிதிப்பீர்கள். இன்ஜின் உறுமும். அந்த நேரம் பார்த்து கியர் 'தொம்'மென்று விழும். பதினைந்து டன் வண்டி ஒரு குதி குதிக்கும். பின்னால் மூட்டையோடு ஒருத்தர் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தாமதம் ஏன் வருகிறது?

முழு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் எல்லாமே எண்ணெய் ராஜ்யம். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று. அதற்குள் எண்ணெய்தான் சுழன்று சுழன்று சக்தியைக் கடத்துகிறது. நீங்கள் பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டர் ஒரு சின்ன மின் வால்வைத் திறக்கும். பம்ப் தள்ளுகிற எண்ணெய் உள்ளே போய் ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கும். அப்புறம்தான் சக்கரம் அசையும். எல்லாம் சரியாக இருந்தால் இத்தனையும் ஒரு நொடிக்குள், கூடிப்போனால் கொஞ்சம் மேலே, முடிந்துவிடும். எண்ணெய் போய்ச் சேருவதில் எங்கே இடைஞ்சல் வந்தாலும் காத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

நம் ஊர் அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க யாரும் அடிக்காமல் கிடந்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். காலையில் நாலு அடி வெறும் காற்றுதான் வரும். லாரியிலும் அதே கதை. ராத்திரி நிறுத்தி வைத்தால் கன்வெர்ட்டரில் இருக்கிற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தொட்டிக்கு வடியும். ஏற்கெனவே எண்ணெய் குறைவு என்றால், காலையில் பம்ப் எண்ணெயோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்றை வைத்துப் பிஸ்டனைத் தள்ள முடியுமா? வண்டி சூடேறி எண்ணெய் விரிந்தால் கோளாறு மாயமாக மறைந்துவிடும். ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோகும்போது வண்டி சமர்த்தாக ஓடும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி.

எனக்குத் தெரிந்த ஒரு டிரைவர், கோட்டாற்றுக்காரர், வளைகுடாவில் குப்பை லாரி ஓட்டினார். எந்த நாடு, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். அந்த ஊர்களில் குப்பை லாரிகள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான். ஒரு ராத்திரியில் நூற்றுக்கணக்கான தடவை நின்று நின்று போகிற வண்டிக்குக் கிளட்ச் மிதித்தால் கால் என்னத்துக்கு ஆகும்? பின்படியில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு வருவார்கள். இறங்கித் தொட்டியைத் தள்ளி வருவார்கள். அவர்கள் உயிர் இவர் பட்டனில்.

"அண்ணாச்சி, பட்டன அமுக்கிட்டு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணணும். பொறவுதான் பிடிக்கும். முன்னால போனாலும் அப்படித்தான், ரிவர்ஸ்னாலும் அப்படித்தான். மொத டிரிப்பு மட்டும். பொறவு செரியாயிரும்" என்றார் என்னிடம். இதையேதான் அங்கே மேஸ்திரியிடமும் சொல்லியிருக்கிறார். அவரும் நம்மூர்ப் பக்கத்து ஆள்தான். "ஆடத் தெரியாதவ முற்றம் கோணல்னாளாம். ஒழுங்கா ஓட்டுடே" என்று பதில்.

ஒர்க் ஷாப்பில் இன்ஜினை அணைத்துவிட்டு எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தார்களாம். நிறைய இருந்ததாம். அப்படியென்றால் கம்ப்யூட்டர்தான் போச்சு, டிரைவர் முரட்டுத்தனமாக மிதித்துக் கெடுத்துவிட்டான் என்று முடிவு கட்டி, கம்ப்யூட்டரை மாற்றி, இரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். மூணு எண்ணுவது மட்டும் போகவில்லை.

கோளாறு குச்சியில் இல்லை, பார்த்த விதத்தில். இன்ஜினை அணைத்தால் மேலே உள்ள எண்ணெயும் தொட்டிக்கு இறங்கி வந்துவிடும். குச்சி 'ஃபுல்' என்று பொய் சொல்லும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் சூடான பிறகு, நியூட்ரலில், இன்ஜின் மெதுவாக ஓடும்போதே பார்க்க வேண்டும். வேறொரு மெக்கானிக் அப்படிப் பார்த்தபோது குச்சியின் நுனியில்தான் நனைந்திருந்தது. கூலருக்குப் போகும் குழாயின் இணைப்பில் சன்னமான கசிவு. ஒரு வாஷரும் கொஞ்சம் எண்ணெயும், சோலி தீர்ந்தது. பிடித்த சம்பளம் திரும்பி வந்ததா என்று கேட்காதீர்கள்.

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், அந்த மனிதர் முதல் நாளே பாதி வைத்தியத்தைச் சொல்லிவிட்டார். முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி தாமதம் என்றால் இரண்டுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்: எண்ணெய் அளவு, ஃபில்டர், பம்ப். ரிவர்ஸ் மட்டும் தாமதம் என்றால் ரிவர்ஸுக்கு உண்டான கிளட்ச், அதன் ரப்பர் சீல், அதன் வால்வு. காலையில் மட்டும் என்றால் ஒரு காரணம், சூடேறிய பிறகு மட்டும் என்றால் தேய்ந்த சீலோ பம்போ என்று வேறு காரணம். லேப்டாப்பை மாட்டினால் கோடு நம்பர் காட்டும். மூணு எண்ண வேண்டியிருந்தது என்பதைக் காட்டாது.

அதற்காக எண்ணெயை அள்ளி ஊற்றிவிடாதீர்கள். அளவுக்கு மேல் போனால் உள்ளே சுழலும் பல்சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையும் காற்றுதான். கூடினாலும் தாமதம், குறைந்தாலும் தாமதம்!

ஏதோ நேற்று வந்த சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1940-ம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் காரிலேயே ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியரைக் கொடுத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அது சிறிய டாங்கிகளில்கூட ஏறியது. லாரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது பிற்பாடு. அமெரிக்காவின் அலிசன் கம்பெனி 2010-ல் நம் ஒரகடத்திலேயே ஒரு தொழிற்சாலை திறந்தது.

இதற்கு ஒரு சித்தப்பா மகன் உண்டு. ஏ.எம்.டி. என்பார்கள். உள்ளே பழைய கியர் பாக்ஸேதான். பழைய கிளட்ச்சேதான். காலுக்கும் கைக்கும் பதில் காற்றழுத்தமும் கம்ப்யூட்டரும் மிதித்துத் தள்ளும். வால்வோவின் ஐ-ஷிஃப்ட் 2001-ல் வந்தது இந்த ஜாதி. நம் நாட்டு லாரிகளில் கிளட்ச் பெடல் இல்லாமல் வருகிறவை பலவும் இதுதான். இதில் தாமதத்துக்கு எண்ணெயைத் தேடினால் வீண். டாங்கில் காற்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ராத்திரி காற்று கசிந்து இறங்கியிருந்தால், ஏறும் வரை கியர் விழாது. பல்லோடு பல் முட்டிக்கொண்டாலும் கம்ப்யூட்டர் விட்டு விட்டு மறுபடி முயற்சி பண்ணும். அந்த நேரம் மிதிக்காதீர்கள்.

நம் மாவட்டத்துக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். குளச்சலிலிருந்தும் சின்னமுட்டத்திலிருந்தும் மீன் ஏற்றிப்போகும் வண்டிகளில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். அடியில் ஓடும் ஒயர்களின் இணைப்பில் அது இறங்கினால் பின்கள் பச்சை பூத்துவிடும். கம்ப்யூட்டருக்குப் போகிற தகவல் தடுமாறும், வால்வுக்குப் போகிற கரண்டும் குறையும். பெரிய செலவுக்குச் சம்மதிக்கும் முன்னால் அந்த இணைப்புகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியையும் எர்த் ஒயரையும் சேர்த்து.

ஏ.எம்.டி. வண்டியில் கிளட்ச் தட்டு மாற்றியிருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். புதுத் தட்டு எந்த இடத்தில் பிடிக்க ஆரம்பிக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியை விட்டால், அது பழைய தட்டின் நினைப்பிலேயே இருக்கும். லேப்டாப்பை மாட்டிச் செய்கிற வேலை. பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.