சின்னச் சீவாளி, பெரிய பொறுப்பு!

திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் நெல்லையப்பரைத் தரிசித்து, அல்வாவும் வாங்கிக்கொண்டு ரயிலேறி விடுவார்கள். 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி வண்ணார்பேட்டைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். மெயின் ரோட்டில் ஒரே பஸ் இரைச்சல்தான். பேராத்துச் செல்வி அம்மன் கோயில் பக்கம் ஆற்றங்கரைக்கு இறங்கினால், தாமிரபரணிக் காற்று முகத்தில் ஜிலுஜிலுவென்று படும்.

அங்கே என் அண்ணன் வீட்டுத் தெருவில் அம்மன் கொடை. வேப்பமரத்தடியில் மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மதியக் கொடைக்கு அரைமணிதான் பாக்கி. நாதஸ்வரக்கார அண்ணாச்சி முகத்தில் மட்டும் கவலை. வழக்கமாக ஊதும் சீவாளியின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல்!

"சீவாளி போச்சுன்னா இது வெறும் கட்டைதாம்மா" என்றார்.

சீவாளி என்பது நாதஸ்வரத்தின் ஊதும் முனையில் செருகும் நாணல் துண்டு. கொறுக்கைத் தட்டையை அறுத்துக் காயவைத்து, வேகவைத்து, தட்டையாக்கி, கெண்டை என்கிற சிறு குழாயில் நூலால் சுற்றிக் கட்டுவார்கள். காவேரிக்கரைத் திருவாவடுதுறை இதற்குப் பேர்போன ஊர்.

அண்ணாச்சி டப்பாவிலிருந்து வேறு மூன்று சீவாளிகளை எடுத்து வாயில் வைத்து ஊறவிட்டார். காய்ந்த சீவாளி பேசாதாம். பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே கனம்தானா என்று பார்த்தார். தனியே ஊதியும் பார்த்தார்.

முதலாவது ரொம்பக் கெட்டி. "இதை வச்சு சாமக்கொடை வரைக்கும் ஊதினா நெஞ்சு வலிக்கும்." இரண்டாவது ரொம்ப இளசு. மேல் ஸ்வரத்துக்குப் போனதும் வாய் மூடிக்கொண்டது. மூன்றாவதன் வாய் அகலம், மூச்சு வீணாகும். அதை விரலால் இதமாக அமுக்கினார். நுனியைக் கத்தியால் துளி சீவினார்.

"இன்னும் கொஞ்சம் சீவலாமே, அண்ணாச்சி?" என்றேன்.

"சீவினதைத் திரும்ப ஒட்ட முடியுமா தாயி? குழம்புக்கு உப்பு மாதிரி, கொஞ்சங் கொஞ்சமாத்தான்!"

சுருதிப் பெட்டியோடு சேர்த்து ஊதினால், இம்மி இறங்கி நின்றது. கெண்டையைச் சற்று உள்ளே தள்ளினார். சேர்ந்துவிட்டது! மணி அடிக்கவும் மேளம் முழங்கவும் சரியாக இருந்தது.

இதே ஆற்றோடு மேலே போனால் காருகுறிச்சி. அருணாசலம் அவர்களின் (1921–1964) ஊர். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்டது அவருடைய நாதஸ்வரம்தான். அந்த நாதமும் இப்படி ஒரு துண்டு நாணலில் பிறந்ததுதானே!

சகோதரிகளே, காதுகுத்தோ கல்யாணமோ, வீட்டு விசேஷத்துக்கு மேளக்காரர் வந்தால் உடனே "ஊதுங்க, ஊதுங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள். நிழலான இடமும், குடிக்கத் தண்ணீரும், கால்மணி அவகாசமும் கொடுங்கள். நாதஸ்வரத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை ஒருவர் வாயில் வைப்பவை; அவருடைய பிழைப்பும் அதில்தான் இருக்கிறது.