நிரம்பாத பை

சரக்கில்லாமல் கடலுக்குப் புறப்படும் பாய்க்கப்பலில் கல்லையோ மணலையோ ஏற்றுவது பழைய வழக்கம். கப்பல் கவிழாதிருக்க அடியில் ஒரு பாரம் வேண்டும். அதே அடிப்பாரத்தை அலை எழுப்புவதற்காகவும் ஏற்றுவார்கள் என்பதை நான் கனடாவுக்கு வந்த பின்னரே அறிந்தேன்.

வேக்போர்டிங் என்ற விளையாட்டை உங்களில் பலர் பார்த்திருக்கக்கூடும். காலில் பலகையைப் பூட்டி, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி, படகின் பின்னால் எழும் அலையில் ஏறித் துள்ளுவார்கள். படகின் பின்புறம் தாழத் தாழ அலை பெரிதாகும். அதற்காக இருக்கைகளின் கீழே தடித்த பைகளை வைத்து, ஏரித் தண்ணீரையே பம்பியால் நிரப்புகிறார்கள். 750 இறாத்தல் பையொன்று நிரம்பினால் ஏறக்குறைய 340 கிலோ. நாலைந்து பெரியவர்கள் ஒரே மூலையில் அமர்ந்தது போலத்தான்.

சிம்கோ ஏரியில் என் மருமகனின் படகில் வலப்பக்கப் பை நிரம்பியது. இடப்பக்கப் பையோ முக்கால் பங்குக்கு மேல் ஏற மறுத்தது. "பம்பி பழுதாப் போச்சு மாமா. புதுசு வாங்கத்தான் வேணும்" என்றான். படகு வலப்புறம் சாய்ந்து நின்றது. பின்னிருக்கையில் மூன்று சிறுவர்கள். அடுத்த படகின் அலை வந்து மோதினால் தாழ்ந்த பக்கத்தால் தண்ணீர் உள்ளே புகும். முதலில் வலப்பக்கப் பையையும் வெறுமையாக்கச் சொன்னேன். படகு நிமிர்ந்த பிறகே மற்றவை.

முதலில் சொல்லப்படும் காரணத்தை அப்படியே ஏற்காதது பத்திரிகைக்காரனின் பழைய நோய். இடப்பக்கப் பையை மீண்டும் நிரப்பச் சொல்லி, அது நின்ற இடத்தில் கையால் அழுத்திப் பார்த்தேன். பம்பி பலவீனமென்றால் பை தளர்ந்து கிடக்க வேண்டும். இதன் மேற்புறமோ பலூன்போல விறைத்திருந்தது. உள்ளே இருந்தது காற்று!

தண்ணீர் உள்ளே வர வேண்டுமானால் காற்று வெளியே போக வேண்டும். அதற்கென்று பையின் மேற்புறத்திலிருந்து படகின் பக்கவாட்டுத் துளைக்கு ஒரு குழாய் செல்கிறது. பை நிரம்பியதும் அந்தத் துளையால் தண்ணீர் கொட்டும். எங்கள் துளையில் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. இருக்கையைக் கழற்றிப் பார்த்தபோது குழாய் நடுவில் தொய்ந்து, தொய்வில் தண்ணீர் தேங்கியிருந்தது. சமையலறைத் தொட்டியின் கீழுள்ள வளைகுழாய் நாற்றத்தைத் தடுப்பது போலவே, அந்தச் சிறிதளவு தண்ணீர் காற்றை மறித்துவிட்டது. இந்தச் சிறு பம்பிகளுக்கு அதைத் தள்ளும் வலு இல்லை. குழாயை நிமிர்த்தி உயரக் கட்டினோம். சீறிக்கொண்டு காற்று வெளியேறியது. பை மெல்ல எழுந்தது.

துளையால் தண்ணீர் வந்தும் பை நிரம்பாதிருந்தால், காற்று வேறொரு மூலையில் ஒதுங்கியிருக்கிறது என்று பொருள். அந்த மூலையை அமுக்கிக் காற்றைத் துளைப்பக்கம் நகர்த்த வேண்டும். பை உண்மையிலேயே தளர்ந்து கிடந்தால் மட்டும் பம்பியைச் சந்தேகிக்கலாம். உறிஞ்சும் வாயில் பாசி அடைத்திருக்கலாம், படகு ஓடும்போது நிரப்பியதால் பம்பி காற்றைக் குடித்திருக்கலாம். நேரக்கணிப்பானில் இயங்கும் பம்பி, பை நிரம்புமுன்னரே நின்றுவிடுவதும் உண்டு. பெட்டகத்தைவிடப் பெரிய பை வாங்கியவருக்கு எந்தப் பம்பியும் உதவாது.

இன்னொரு விடயம். இந்தப் பைகள் முழுதாக வெறுமையாவதும் இல்லை. மடிப்புகளில் சில லீற்றர் மிஞ்சும். 1980களின் இறுதியில் வட அமெரிக்கப் பேரேரிகளில் பரவத் தொடங்கிய வரிக்குதிரைச் சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாதவை, அந்தத் தண்ணீரில் ஏறி அடுத்த ஏரிக்குப் போய்விடும். படகைத் தரைவழி கொண்டு செல்லுமுன் தண்ணீரை வடிக்க வேண்டுமென்று ஒன்ராறியோ மாகாணம் 2022 சனவரி முதல் விதித்திருக்கிறது. மருமகன் அடுத்த வாரம் வேறோர் ஏரிக்குப் போவதாக இருந்தான். கரையேறியதும் இரண்டு பைகளையும் வெளியே இழுத்து, மூலை மூலையாகத் தூக்கி வடித்தோம். நிரப்பியதைவிட அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.